எழுந்து போகும் உரிமை

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்துருவம்)



இந்து இளைஞர் சங்க மேடையிலே நின்று கடதாசி விளையாட்டைப் பற்றிப் பேச முற்படுவது உங்களிற் சிலருக்கு வியப்பைத் தரலாம். பெரியோர் சிலருக்கு மனவருத்தத்தையும் தரலாம். புராணத்திலே ஒரு படலத்தையோ திருமுறையிலே ஒரு பதிகத்தையோ எடுத்துக்கொண்டிருக்கலாகாதா என்று அவர்கள் எண்ணுவர். ஆயினும், சூது என்னும் பொருளை நம் முன்னோர் பேசத் தகாததென்று ஒதுக்கிவிடவில்லை. திருவள்ளுவர் பொருட்பாலிலே அதற்கென ஓர் அதிகாரம் வகுத்தார். அது 94 ஆம் அதிகாரம். இருக்கு வேதத்துப் பத்தாம் மண்டலத்தின் 34 ஆம் சூக்தம் முழுவதும் சூதாடி ஒருவனைப் பற்றியது. அவனைப் பலகையை விட்டு எழுந்து தன் கமத்தைப் பார்க்கும்படி அது அறிவுறுத்துகின்றது. பாரதப் போருக்கு வித்திட்டதும் ஒரு சூதாட்ட மண்டபமே. ஆகவே இப்பொருள் இம்மேடைக்குப் புறம்பானதன்று.

சூது தீது என்று சொல்லிவிட்டு இறங்குவதற்காக நாம் வரவில்லை. அதனை நீங்கள் பாலர் வகுப்பிலிருந்தே கேட்டு வருகின்றீர்கள். நாம் எடுத்துக்கொள்ளும் வினா சற்று வேறானது. உத்தியோகமோ தோட்டமோ செய்துகொண்டு, ஓய்ந்த வேளையிலே கடதாசி ஆடி, அதிலே தொடர்ந்து நாலு காசும் கண்டுவருகின்ற ஓர் இளைஞன், “இதனையே நான் ஏன் தொழிலாகக் கொள்ளக்கூடாது?” என்று கேட்டால், அவனுக்கு என்ன விடை கூறுவது? தோற்பவனுக்குச் சொல்லும் புத்தி அவனுக்குப் பொருந்தாது. அவன் வெல்கிறவன். தோற்பவனுடைய துன்பத்தைப் பலரும் பேசியிருக்கின்றனர். வெல்கிறவனுக்கு வரும் நெருக்கடியையே இன்று நாம் ஆராயப் புகுகின்றோம்.

யாழ்ப்பாணத்தவர்க்குக் கடதாசி புதியதன்று. முந்நூற்றி நாலு என்னும் ஆட்டத்தை அறியாத ஊர் குடாநாட்டில் உண்டோ? 32 கடதாசிகள், ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஏசுக்கு 11, பத்துக்கு 10, கிங்குக்கு 3, குயினுக்கு 2, எட்டும் ஏழும் வெறுங்கடதாசிகள். ஓர் இனத்துக்கு 76 ஆக, நான்கு இனத்துக்கும் 304. கேள்வி கேட்டு, துரும்பைக் கவிழ்த்து வைத்து, எதிரே இருக்கும் சோடியின் முகக்குறிப்பையும் அறிந்து ஆடும் இவ்வாட்டத்திலே கணக்கும் உண்டு, ஞாபகமும் உண்டு, சாதுரியமும் உண்டு. கலியாண வீட்டுப் பந்தலிலும் திண்ணையிலும் ஆடப்பெற்ற இது, இன்று தொரன்ரோவிலும் இலண்டனிலும் எம்மவரின் சங்கங்கள் நடத்தும் சுற்றுப்போட்டி வரை போயிருக்கிறது. தோற்றவனுக்குத் தண்டனை பெரும்பாலும் கேலியே. ஆட்டம் முடிந்ததும் தேநீர் வரும். அவ்வளவோடு எல்லாரும் எழுந்து வீட்டுக்குப் போவர். “எழுந்து போவர்” என்ற இச்சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நமது பேச்சு முழுவதும் அதனையே சுற்றி வரப்போகின்றது.

போக்கர் என்பது வேறு வகையான ஆட்டம். அதற்கு 52 கடதாசிகள். இன்று உலகெங்கும் அதிகமாக ஆடப்படுவது டெக்சாஸ் ஹோல்டெம் என்னும் வகை. ஒவ்வொருவருக்கும் இரண்டு கடதாசிகள் மறைவாகக் கொடுக்கப்படும். ஐந்து கடதாசிகள் நடுவிலே எல்லாருக்கும் பொதுவாகத் திறந்து வைக்கப்படும். அவற்றைச் சேர்த்து நல்ல கை அமைத்தவன் வெல்வான். அல்லது, நல்ல கை தன்னிடம் இருப்பதாக மற்றவரை நம்பவைத்து அவர்களை விலகச் செய்தவன் வெல்வான். இங்கே சோடி இல்லை. மேசையைச் சுற்றி இருப்போர் எல்லாரும் ஒருவனுக்கு எதிரிகளே. பணம் இல்லாவிடில் இந்த ஆட்டத்துக்கு உயிரும் இல்லை. ஏனெனில், பந்தயத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் விடுவதுமே இதிலுள்ள வித்தை. முன்னர் இதற்கு மேசை தேடிப் போகவேண்டியிருந்தது. இப்பொழுது கைத்தொலைபேசியே மேசையாகிவிட்டது.

இவ்வாட்டத்திலே திறமைக்கு இடமுண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. றம்மி ஆட்டம் பெரும்பாலும் திறமையைச் சார்ந்ததென்று இந்திய உச்ச நீதிமன்றம் 1968 இலேயே கூறிற்று. றம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்களே எனச் சென்னை உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் தீர்ப்பளித்தது. எந்தக் கையை ஆடுவது, எதை எறிவது, எப்பொழுது ஒதுங்குவது என்பதைக் கணக்கிட்டு அறிந்தவன், அறியாதவனை நாளடைவில் வெல்லவே செய்வான். ஆகவே, “எனக்கு இதிலே கெட்டித்தனம் உண்டு” என்று சொல்லும் இளைஞனைப் பொய்யன் என்று நாம் தள்ளிவிடலாகாது. அவன் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். அவ்வுண்மை அவனுடைய அடுப்பை எரிக்கப் போதுமா என்பதே கேள்வி.

சிறிது கணக்குப் பார்ப்போம். இரண்டு ஏசுகள் கையில் வருவதே போக்கரிலே தலைசிறந்த தொடக்கம். அது சராசரியாக 221 முறைக்கு ஒரு முறையே வரும். அப்படி வந்தபோது எதிரியின் கையிலே இரண்டு கிங்குகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். கைப்பணம் முழுவதையும் வைத்து இறுதிவரை ஆடினால், ஏசுகள் வெல்வது நூற்றுக்கு ஏறக்குறைய 82 முறை. தோற்பது ஏறக்குறைய 18 முறை. அதாவது, ஒரு பிழையும் விடாமல், கிடைத்தற்கரிய கையோடு ஆடியவனும் ஐந்தாறு தடவைக்கு ஒரு தடவை எல்லாவற்றையும் இழப்பான். நீண்ட காலப்போக்கில் சராசரி தன் இடத்துக்கு வந்து சேரும் என்பதை 1713 இல் வெளியான யாக்கோபு பெர்னூலியின் நூல் நிறுவிற்று. வந்து சேரும் என்பது மெய். எப்பொழுது வந்து சேரும் என்பதே சங்கடம். அதற்கு ஆயிரக்கணக்கான கைகள் செல்லும், பல்லாயிரமும் செல்லலாம். சராசரி வந்து சேரும்வரை காத்திருக்கச் சோற்றுப்பானைக்குத் தெரியாது.

இங்கேதான் பொழுதுபோக்குக்கும் பிழைப்புக்கும் உள்ள முதல் வேற்றுமை புலப்படுகின்றது. நம் கமக்காரர் அறுவடை முடிந்ததும் முதலிற் செய்வது என்ன? விதைநெல்லை வேறாக்கிக் கட்டி வைப்பது. மழை பொய்த்த ஆண்டிலே வீட்டிற் பட்டினி வந்தாலும் அம்மூட்டையிற் கைவைக்க மனம் ஒப்பார். ஏனெனில், அது போனால் அடுத்த போகமே இல்லை. ஆட்டக்காரனுக்கு அவனுடைய கைமுதலே விதைநெல். சம்பளக்காரனாக இருந்து ஆடும்வரை, அவனுடைய சோறு சம்பளத்திலிருந்து வருகிறது. விதைநெல்லை எவரும் தொடுவதில்லை. ஒரு மாதம் தோற்றால் அடுத்த மாதச் சம்பளம் அக்குழியை நிரப்புகிறது. உத்தியோகத்தை விட்ட அன்றிலிருந்து சோறும் விதையும் ஒரே மூட்டையிலிருந்து எடுக்கப்படுகின்றன. வென்ற மாதத்திலும் வீட்டுச் செலவு அதிலிருந்தே போகும். தோற்ற மாதத்தில் இழப்பும் செலவும் சேர்ந்தே போகும். ஆட்டத்திலே திறமை குறையாதிருக்கவும், உண்டே விதை தீர்ந்துபோன ஆட்டக்காரர் இப்படித்தான் உண்டாகின்றனர். அவனை வீழ்த்தியவன் எதிரி அல்லன், மாதக் கடைசி.

இரண்டாவது வேற்றுமை மனத்தைப் பற்றியது. பொழுதுபோக்காக ஆடுகிறவனிடம் ஒரு பெரிய சொத்து உண்டு. அவன் அதனை அறிவதில்லை. கை சரியில்லையா, எழுந்து போகலாம். உடம்பு களைத்ததா, எழுந்து போகலாம். எதிரிகள் தன்னிலும் கெட்டிக்காரரா, எழுந்து போகலாம். அவன் அமர்ந்திருப்பது விருப்பத்தினால். பிழைப்பாகக் கொண்டவனோ அமர்ந்திருப்பது தேவையினால். வாடகை கொடுக்க இன்னும் பத்தாயிரம் ரூபா வேண்டும் என்ற எண்ணம் ஒருவனுக்குள் புகுந்தபின், அவன் கடதாசியைப் பார்க்கும் கண் மாறிவிடுகிறது. துணிய வேண்டிய இடத்தில் அஞ்சுகிறான். ஒதுங்க வேண்டிய இடத்தில், இழந்ததை இன்றிரவே மீட்கவேண்டும் என்று துணிகிறான். கடதாசிகள் மாறவில்லை, கணக்கும் மாறவில்லை, ஆடுபவன் மாறிவிட்டான். இலாபம் தந்த அதே திறமை, தேவை வந்து அருகில் உட்கார்ந்ததும் அவனை விட்டு எழுந்து போய்விடுகிறது.

மூன்றாவதாக, மேசைக்கு இடங்கொடுப்பவனை நோக்குவோம். சூதாட்ட விடுதியாயினும் இணையத்தளமாயினும் ஒவ்வொரு பந்தயத்திலும் ஒரு சிறு பங்கை எடுத்துக்கொள்வது வழக்கம். உதாரணமாக, ஒன்பது பேர் ஆளுக்குப் பத்தாயிரம் ரூபாவுடன் அமர்கின்றனர் என்க. மேசையில் மொத்தம் 90,000 ரூபா. மணித்தியாலத்துக்கு ஆயிரம் ரூபா இடத்துக்காரனுக்குப் போகுமாயின், பத்து மணித்தியாலம் கழிய 80,000 ரூபாவே மிஞ்சும். ஒருவன் கொண்டுவந்த முதல் முழுவதும், எவனும் வெல்லாமலே மறைந்துவிட்டது. ஆகவே, அம்மேசையிலே தொழில் நடத்துகிறவன் எதிரிகளை வென்றால் மாத்திரம் போதாது; இந்தக் கசிவையும் அடைத்து, அதற்குமேல் மிச்சம் பிடிக்கவேண்டும். நட்டமே காணாமல் ஆடுபவன் அங்கே ஒருவன்தான். அவன் கையில் கடதாசி இல்லை.

நான்காவது நெருக்கடி மனச்சாட்சியைத் தொடுவது. எந்தத் தொழிலாயினும் வாங்குவோன் ஒருவன் வேண்டும். சங்கானைச் சந்தையிலே வெங்காயம் விற்பவனுக்கு வாடிக்கைக்காரன் வாழவேண்டும். அவன் வீட்டில் அடுப்பு எரிந்தால்தான் இவனுடைய வெங்காயம் போகும். போக்கரைத் தொழிலாகக் கொண்டவனுக்கோ, தன்னிலும் திறமை குறைந்தவனும், கையிற் காசுள்ளவனும், தோற்றபின்னும் நாளைக்கு வருபவனுமாகிய ஒருவன் தேவை. அவன் தேறிவிடவும் கூடாது. ஒரேயடியாக அழிந்துவிடவும் கூடாது. அயலவனின் பலவீனத்தைத் தன் வருமானமாக எண்ணப் பழகியவன், நாளடைவில் நண்பனையும் அந்தக் கண்ணாலேயே பார்க்கத் தொடங்குவான். முந்நூற்றி நாலிலே தோற்ற தோழன்மீது நமக்கு வருவது சிரிப்பு. இங்கே வருவது கணக்கு. ஒரு பொழுதுபோக்கு தொழிலாகும்போது முதலிற் பறிபோவது அந்தச் சிரிப்பே.

இவற்றுக்கெல்லாம் மேலாக, அதிகத் திறமையே இத்தொழிலுக்குப் பகையாவதும் உண்டு. ஸ்டூ உங்கர் என்னும் அமெரிக்கரை இவ்வுலகம் நன்கு அறியும். அவர் முதலிலே ஜின் றம்மி ஆட்டத்திற் பேர் பெற்றார். எல்லாரையும் வென்று வென்று, ஈற்றில் அவரோடு காசு வைத்து ஆட ஆளில்லாமற் போயிற்று; அதன்பின்னரே போக்கரை நாடினார். 1980, 1981, 1997 ஆகிய மூன்று ஆண்டுகளில் லாஸ் வேகாசில் நடைபெறும் உலகப் போக்கர் போட்டியின் தலையாய ஆட்டத்தை வென்றார். 1997 இல் அவர் வென்ற பரிசு பத்து இலட்சம் டொலர். கடதாசி மேசையிலே பெற்றதைக் குதிரைப் பந்தயத்திலும் பிற பந்தயங்களிலும் போதைப்பொருளிலும் இழந்தார். 1998 நவம்பரில், அப்பெரும் வெற்றி கிடைத்து இரண்டு ஆண்டு நிறைவதற்கு முன்னர், அதே நகரத்தின் மலிவான விடுதியொன்றிலே தனியே இறந்துகிடந்தார். அப்பொழுது அவருக்கு வயது 45. திறமை போதாமையால் அவர் வீழ்ந்தார் என்று எவரும் கூறார்.

“தோற்றவர் கதையை ஏன் சொல்கிறீர்கள், வென்றவர் கதையைச் சொல்லுங்கள்” என்று நீங்கள் கேட்கலாம். சொல்வோம். 2003 ஆம் ஆண்டு கிறிஸ் மணிமேக்கர் என்னும் 27 வயதுக் கணக்காளர், நூறு டொலருக்கும் குறைந்த கட்டணத்தோடு இணையத்திலே தகுதிப் போட்டி ஆடி, பத்தாயிரம் டொலர் நுழைவுக் கட்டணமுள்ள உலகப் போட்டிக்குச் சென்று, 25 இலட்சம் டொலர் வென்றார். அவ்வாண்டு ஆடியோர் 839 பேர். அவருடைய கதை பரவியதும் 2004 இல் 2,576 பேரும், 2006 இல் 8,773 பேரும் வந்து குவிந்தனர். ஒருவர் வென்ற செய்தி உலகமெல்லாம் போயிற்று. அச்செய்தியைக் கேட்டு உத்தியோகத்தை விட்டவர்களின் கதையை எந்தப் பத்திரிகை எழுதிற்று? பரீட்சையிலே முதலாம் பிள்ளையின் படம் பத்திரிகையில் வரும். அதைப் பார்த்துவிட்டு அப்பரீட்சை எல்லாருக்கும் இலேசென்று யாரும் நினைப்பதில்லை. சூதிலே மாத்திரம் அப்படி நினைக்கின்றோம்.

அன்றியும், காலம் செல்லச் செல்ல இம்மேசை கடினமாகின்றது. முன்னர் ஒரு சிலருக்கே தெரிந்திருந்த கணக்குகள் இன்று எல்லார் கைகளிலும் உள்ளன. 2017 சனவரியில் அமெரிக்காவின் பிற்ஸ்பேர்க் நகரத்தில், கார்ணகி மெலன் பல்கலைக்கழகத்தார் ஆக்கிய லிபராற்றஸ் என்னும் கணினி, போக்கரைத் தொழிலாகக் கொண்ட தலைசிறந்த நால்வரோடு 20 நாட்கள், 1,20,000 கைகள் ஆடி, நால்வரையும் வென்றது. அக்கணினிக்குக் களைப்பில்லை, வாடகை இல்லை, பிள்ளையின் பாடசாலைக் கட்டணமும் இல்லை. நள்ளிரவிலே கைத்தொலைபேசியின் மறுபுறத்தில் இருந்து ஆடுபவன் தன்னைப்போல ஒரு மனிதனே என்று எதனைக்கொண்டு நம்புவது? தளங்கள் அதனைத் தடுக்க முயல்கின்றன என்பது உண்மையே. ஆயினும் பிழைப்பை அந்நம்பிக்கையின்மேல் அடகு வைக்கலாமா என்று சிந்தியுங்கள்.

காலூன்றி நிற்கும் நிலமும் இத்தொழிலிலே உறுதியானதன்று. 2011 ஏப்பிரல் 15, ஒரு வெள்ளிக்கிழமை. அன்று அமெரிக்க அரசு, போக்கர் ஸ்டார்ஸ், ஃபுல் டில்ட், அப்சொலூட் போக்கர் என்னும் மூன்று இணைய நிறுவனங்களை நடத்தியோர்மீது குற்றஞ்சாட்டி, அத்தளங்களைக் கைப்பற்றிற்று. காலையிற் தொழில் இருந்தவருக்கு மாலையிற் தொழில் இல்லை. அவற்றுள் ஒன்றிலே பணம் வைத்திருந்த அமெரிக்கர், அதனைத் திரும்பப் பெறத் தொடங்க 2014 வரை காத்திருக்கவேண்டியதாயிற்று. நமக்கு அண்மையிலுள்ள தமிழ்நாட்டைப் பாருங்கள். 2020 நவம்பரில் பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்கள் அவசரச் சட்டத்தால் தடுக்கப்பட்டன. 2021 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் அத்தடையை நீக்கிற்று. 2022 இல் சட்டசபை வேறொரு சட்டம் நிறைவேற்றிற்று. 2023 நவம்பரில் நீதிமன்றம் போக்கரையும் றம்மியையும் அச்சட்டத்தின் தடையிலிருந்து விடுவித்தது. 2025 ஆகஸ்டில் இந்திய நாடாளுமன்றம், திறமை ஆட்டமா அதிட்ட ஆட்டமா என்று வேறுபாடு பாராமலே, பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்கள் யாவற்றையும் தடுக்கும் சட்டத்தை இயற்றிற்று. ஐந்து ஆண்டுக்குள் ஐந்து முறை மாறிய நிலத்திலே எவன் வீடு கட்டுவான்? இலங்கையிலும் 1889 ஆம் ஆண்டிலேயே சூதாட்டக் கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது என்பதை இங்குள்ள இளைஞர் மறவாதிருத்தல் நன்று.

இனி எம் வீட்டு வாசலுக்கு வருவோம். கொம்பனியிலே வேலைசெய்யும் ஒருவனுக்கு ஊழியர் சேமலாப நிதியுண்டு. அவன் சம்பளத்திலே நூற்றுக்கு 8 பங்கைத் தான் இட, முதலாளி 12 பங்கை இடவேண்டும் என்பது சட்டம். ஆட்டக்காரனுக்கு அந்தப் பன்னிரண்டை இடுவார் யார்? வீடு கட்டக் கடன் கேட்டு வங்கிக்குப் போனால், மாத வருமானத்துக்கு எந்தக் கடிதத்தைக் காட்டுவான்? கலியாணம் பேசப் போகுமிடத்தில், “மாப்பிள்ளைக்கு என்ன உத்தியோகம்?” என்று கேட்டால், பெற்ற தாய் என்ன சொல்வாள்? நீங்கள் சிரிக்கின்றீர்கள், அத்தாய்க்கு அது சிரிப்பன்று. இன்னுமொன்று. எங்கள் இளைஞர் பலரின் கையிற் புழங்கும் பணம் எங்கிருந்து வருகிறது? கனடாவிலோ இலண்டனிலோ சுவிற்சர்லாந்திலோ தமையனோ தமக்கையோ இராவேலை செய்து அனுப்பியது. அல்லது அம்மாவின் சங்கிலியை அடைவு வைத்து எடுத்தது. அப்பணத்தை மேசையில் வைப்பவன் தன்னுடைய துணிவை வைப்பதாக எண்ணுகிறான். அவன் வைப்பது இன்னொருவருடைய நித்திரையை.

ஆட்டத்தையே பிழைப்பாகக் கொண்ட ஒருவரை நமது இதிகாசமே காட்டுகின்றது. அவர் வேறு யாருமல்லர், தருமபுத்திரரே. அத்தினாபுரத்து மண்டபத்தில் நாட்டையும் தம்பியரையும் தம்மையும் மனைவியையும் இழந்த கதையை எல்லாரும் அறிவோம். பதின்மூன்றாம் ஆண்டிலே அவர் விராட மன்னன் அரண்மனையிற் கங்கன் என்னும் பெயரோடு, அரசனுக்குச் சூதுத் துணைவராக அமர்ந்ததைச் சிலரே நினைப்பர். அதற்கு முன்னரே பிருகதசுவ முனிவரிடம் சூதின் மறையைக் கற்றிருந்தார். ஆகவே இம்முறை திறமைக்குக் குறைவில்லை. இருந்தும் நடந்தது என்ன? பேடியாகிய பிருகந்நளையைப் புகழ்ந்தார் என்று கோபங்கொண்டு, விராடன் கையிலிருந்த கவற்றினால் அவர் முகத்தில் எறிந்தான், இரத்தம் வடிந்தது. சக்கரவர்த்தியாக இருந்தவர் அதனைப் பொறுத்துக்கொண்டு அங்கேயே இருந்தார். ஏன்? ஒளிந்திருக்க வேறு இடமில்லை. முதல் மண்டபத்திலே மானம் அவரை எழவிடவில்லை. இரண்டாம் மண்டபத்திலே தேவை எழவிடவில்லை. அறியாமல் ஆடியபோதும் அறிந்து ஆடியபோதும், எழுந்து போகும் உரிமை அவரிடம் இருக்கவில்லை.

அவருக்கு ஆறுதலாகச் சொல்லப்பட்ட நளனுடைய கதையோ வேறு. புட்கரனோடு ஆடி நாடிழந்த நளன், பின்னர் இருதுபன்னனுக்குத் தேரோட்டியானான். வழியிலே ஒரு தான்றி மரத்தின் காய்களை இருதுபன்னன் பார்த்த மாத்திரத்தில் எண்ணிச் சொல்ல, நளன் தேரை நிறுத்தித் தானும் எண்ணிப் பார்த்து, அது சரியெனக் கண்டு வியந்து, தன்னுடைய குதிரை வித்தையைக் கொடுத்து அந்த எண்ணும் வித்தையை வாங்கிக்கொண்டான். எண்ணக் கற்றபின் மீண்டும் புட்கரனோடு ஆடினான், நாட்டை மீட்டான், எழுந்தான். அவ்வித்தை கையில் இருக்கிறதே, தேசந்தோறும் சென்று இன்னும் நாலு நாடு வெல்வோம் என்று அவன் புறப்படவில்லை. தோற்ற புட்கரனையும் மன்னித்து அனுப்பிவிட்டு, அரசு செய்யும் தன் தொழிலைச் செய்தான். வித்தையை அறிந்தவன் அதற்கு அடிமையாகாமல் நிற்பதற்கு இதனிலும் சிறந்த உதாரணம் எமக்குத் தெரியவில்லை.

இளைஞர்களே, இவ்வளவும் கேட்டபின்னும், “நான் கெட்டிக்காரன், முயன்று பார்ப்பேன்” என்று ஒருவன் சொல்வானாயின், அவனோடு நாம் வாதாடப் போவதில்லை. மூன்று காரியங்களை மாத்திரம் செய்யும்படி கேட்போம். முதலாவது, ஒரு முழு ஆண்டுக்குக் கணக்கு எழுதட்டும். வென்றதை மட்டுமல்ல, தோற்றதையும், இருந்த மணித்தியாலங்களையும், விழித்த இரவுகளையும் எழுதட்டும். வருடக் கடைசியிலே இலாபத்தை மணித்தியாலத்தாற் பிரித்து, அதே நேரத்தில் மேசன் வேலைக்குப் போயிருந்தால் என்ன கிடைத்திருக்கும் என்று ஒப்பிடட்டும். இரண்டாவது, விதைநெல்லையும் சோற்று நெல்லையும் முன்னரே பிரிக்கட்டும். கடன் வாங்கிய பணமும், அடைவு வைத்த பணமும், உடன்பிறந்தார் அனுப்பிய பணமும் இரண்டிலும் சேரலாகாது. அப்படிப் பிரிக்க முடியாதவனுக்கு இத்தொழில் இன்னும் தொடங்கவேயில்லை என்று அறிக. மூன்றாவது, எந்த எல்லைக்கு வந்தால் விடுவேன் என்பதைத் தோற்குமுன்னரே ஒரு தாளில் எழுதி, வீட்டிலே தன்னை மறுத்துப் பேசக்கூடிய ஒருவரிடம் கொடுத்து வைக்கட்டும். இம்மூன்றையும் செய்ய ஒருப்படாதவன் தொழிலைத் தேடவில்லை. தொழில் என்ற பெயரைத்தான் தேடுகிறான். ஏற்கெனவே அந்த எல்லையைக் கடந்து கடன்பட்டு நிற்பவன் இச்சபையில் இருந்தால், அவனுக்கு ஒரு வார்த்தை: இன்னொரு கையால் அதனை மீட்கலாம் என்று எண்ணாதே. வெட்கத்தை விட்டு வீட்டாரிடம் இன்றே சொல். கடனை உழைத்து அடைக்கலாம்.

பொழுதுபோக்கைப் பொழுதுபோக்காகவே வைத்திருப்பது கோழைத்தனமன்று. பகலெல்லாம் தோட்டத்திலோ கந்தோரிலோ உழைத்தவன், மாலையில் வாசிகசாலைத் திண்ணையிலே நாலு பேரோடு முந்நூற்றி நாலு ஆடிச் சிரித்துவிட்டு, கோயில் மணி கேட்டதும் கடதாசியை அடுக்கி வைத்து எழுவானாயின், அவனிடம் ஒரு செல்வம் இருக்கிறது. உலகப் போட்டியிலே வென்றவர்களுட் சிலர் அதனை விற்றுத்தான் தம் பரிசைப் பெற்றார்கள். அச்செல்வத்தை விற்குமுன் விலையை நன்றாகக் கேட்டறிந்துகொள்ளுங்கள்.

வேண்டும்போது இருக்கவும், வேண்டாதபோது எழவும் வல்ல மனத்தை எல்லாம்வல்ல இறைவன் உங்களுக்கு அருள்வானாக.